ஏறி இறங்கி வந்தால்

நான் உடற்பயிற்சியை வீட்டுக்குள்ளேயே செய்கிறவன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கெலிஓயாவில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் ஓடும் மெஷின் ஒன்று, இரண்டு டம்பெல், ஒரு ரப்பர் பாய், என்னை நானே பார்த்துக்கொள்ள ஒரு பெரிய கண்ணாடி. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு மெஷினில் ஏறினால் கண்டிக்கு பஸ் பிடிக்கும் நேரம் வரைக்கும் இறங்கமாட்டேன். எங்கள் வீடு என்று சொன்னாலும் அது என் மனைவி ஆஸிகாவின் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே மாமனார் றவூபும் மாமியார் றலியாவும் கீழே, நானும் என் மெஷினும் மேலே.

வருடத்தில் ஒரு முறை இந்த ஒழுங்கு குலைந்துபோகும். கராம்புக் காலம் வந்தால் மாமாவும் மாமியும் ஹுன்னஸ்கிரிய மலையில் இருக்கிற தோட்டத்துக்குக் குடிபோய்விடுவார்கள். இரண்டு அறைத் தகரக் குடிசை, வெளியே கல் அடுப்பு, குளிக்க மலையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீர். மொட்டுகளைப் பறித்துப் பாயில் காயவைத்து, மூட்டை கட்டி, காலம் முடிந்த பிறகுதான் கறுத்துப்போய் இறங்கி வருவார்கள். வார இறுதியில் நானும் ஆஸிகாவும் போக வேண்டும். எனக்கு அது பிடிக்காது. அட்டை கடிக்கும், அடுப்புப் புகையில் கண் எரியும், கக்கூசு எங்கேயோ மரத்துக்குப் பின்னால் இருக்கும். ஆரோக்கியத்துக்கு வீட்டில் மெஷின் இருக்கும்போது மலையில் போய் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று ஆஸிகாவிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். அவள் மூட்டை கட்டுவாள்.

போன செப்டம்பர் நடுவில், காலம் தொடங்குமுன் புல் வெட்டித் துப்புரவாக்க மாமா தனியாகப் போனார். மாமிக்கு முழங்கால் வலி, இரத்தத்தில் சீனியும் கூடியிருந்தது. வேலை முடிந்து இறங்கி வரும் வழியில் மாமா ஒரு கல்லில் உட்கார்ந்தார், பிறகு எழும்பவில்லை. தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து நானும்தான் அவரைத் தூக்கி வந்தேன். மாமாவுக்கு மூத்தவர், அவருடைய நானா பஹீம் ஹாஜியார், மலை ஏற முடியாத ஆள். ரோட்டில் வேனோடு நின்றார். அங்கேயே வைத்து அவர் எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"பாதி வழியில தனியா மவுத்தானாரு எண்டு றலியாட்ட சொல்ல வேணாம். குடிசைல, கட்டில்ல, தூக்கத்துல போயிட்டாரு எண்டு சொல்லுங்க. அவ தாங்கமாட்டா."

அப்படியே சொன்னோம். எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. மாமாவை வாசலில் வைத்து அனுப்பியதோடு மாமிக்கு எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து இத்தா. கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், அலங்காரம் எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மருமகன் அந்நியன் இல்லை என்பதால் நான் மட்டும் அவரைப் பார்க்கலாம். மாமி வெள்ளை உடுத்திக்கொண்டு கீழறையில் ஓதிக்கொண்டிருந்தார். அழுததை நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் பஹீம் ஹாஜியார் வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, திரைக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியோடு பேசினார்.

"றலியா, காலம் வரப்போகுது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்க ஒரு முதலாளி இரிக்கிறார். நல்ல மனுஷன். குடுத்துருவோம்."

தோட்டம் மாமிக்கு அவருடைய வாப்பா கொடுத்தது. அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

"நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன் மச்சான்," என்றது திரை.

"போயா? அந்த முழங்கால வெச்சிக்கொண்டா? நடுவழியில விழுந்தா ஆரு பதில் சொல்ற?"

"பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

ஹாஜியாருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. தம்பியைப் புதைத்த மண் காயுமுன் தம்பி மனைவியையும் தூக்கி வரவேண்டி வருமோ என்ற பயம்தான் அவருக்கு. ஆனால் பயத்தையும் அதட்டிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

"சரி. இத்தா முடியட்டும். நீங்க ஏறி எறங்கி வந்தா நான் இதப்பத்தி வாயே தெறக்கமாட்டேன். ஏலாமப் போனா கையெழுத்து வெக்கணும். சரியா?"

"சரி," என்றார் மாமி.

மறுநாள் காலையில் நான் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டும் சத்தம். மாமி கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்திருந்தார்.

"மகன், இதை மலைமாரி சரிச்சு வெக்க ஏலுமா?"

"ஏலும் மாமி."

"அப்ப வைங்க."

முதல் நாள் கம்பியைப் பிடித்தபடி நத்தை வேகத்தில் கொஞ்சம் நடந்தார். நான் என் வாழ்நாள் முழுதும் காத்திருந்த மாணவி கிடைத்தது போல் ஆரம்பித்துவிட்டேன். நெஞ்சை நிமிர்த்துங்க, மூக்கால மூச்சு எடுங்க, குதிக்கால முதல்ல வைங்க. மாமி எதையும் கேட்கவில்லை. நபி மேல் சொல்லும் ஸலவாத்தை வாய்க்குள் ஓதி, அதன் ஓட்டத்துக்குக் காலை வைத்தார். என் போனிலிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் உற்சாகப்படுத்தும். இரண்டாம் நாளே மாமி சொல்லிவிட்டார்.

"அந்தப் பொம்பிளய வாய மூடச் சொல்லுங்க மகன். ஓத ஏலாம இரிக்கு."

சப்பாத்துப் பிரச்சினை அதற்கடுத்த வாரம் வந்தது. ஆஸிகா உம்மாவுக்கு நல்ல விளையாட்டுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தாள். அதில் பக்கவாட்டில் ஒரு ரோஸ் கலர்க் கோடு. இத்தாவில் அலங்காரம் கூடாது. கோடு அலங்காரமா இல்லையா? வீட்டில் ஆளுக்கொரு கருத்து. இதற்குள் மெஷின் விஷயம் ஹாஜியார் காதுக்கும் எட்டிவிட்டது. இத்தாவில் இருக்கிற பெண் ஓட்டப்பந்தயத்துக்கு ஆயத்தமாகிறாளாம் என்று கொதித்துப்போய் அவரே ஒரு மௌலவிக்குப் போன் எடுத்து, என்னிடம் போனைத் தந்தார்.

"மெஷின் எங்க இரிக்கு?" என்று மௌலவி விசாரித்தார்.

"மேல்மாடில, ஹஸ்ரத்."

"ஜன்னல்?"

"திரை போட்டிரிக்கு."

"ஆரும் பார்க்கிறாங்களா?"

"நான் மட்டும். மருமகன்."

நான் ஹாஜியாரைப் பார்க்க, ஹாஜியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்ப நல்லா வெச்சிக்கிறதுக்குத் தடை ஒண்டுமில்ல," என்றார் மௌலவி. "சப்பாத்துல மட்டும் கலர் வேணாம்."

அன்று பின்னேரம் நான் வாசற்படியில் உட்கார்ந்து, ரோஸ் கோட்டின் மேல் கறுப்புப் பாலிஷ் பூசினேன். காய்ந்ததும் மறுபடி பூசினேன். மாமி போட்டுப் பார்த்துவிட்டு, "மையத்து வீட்டுக்குப் போற சப்பாத்துமாரி இரிக்கு," என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஆஸிகா சிரிக்கக் கேட்டேன்.

மழைக்காலம் போகப்போக மாமியின் நடை உறுதியாகிவிட்டது. கம்பியை விட்டார். சரிவைக் கூட்டச் சொன்னார். கடைசியில் மெஷின் எவ்வளவு சரியுமோ அவ்வளவுக்குச் சரித்துவிட்டு நடந்தார். ஒரு நாளாவது சமமாக வைத்து நடங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சமதரை எனக்கு என்னத்துக்கு? நான் கடைத்தெருவுக்கா போகப் போறேன்?"

நான் வேலை செய்கிற பார்மஸியிலிருந்து சீனி பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து வாராவாரம் பார்த்தேன். குறைந்துகொண்டே வந்தது. அது என் திறமை என்று பஸ்ஸில் கூட வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி முடிவில் இத்தா முடிந்தது. மாமி குளித்து, தொழுது, துஆக் கேட்டு, முற்றத்துக்கு வந்து கொஞ்சநேரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "நாளைக்குப் போவோம் மகன்," என்றார்.

ஆஸிகா பள்ளிக்கூடத்து ஆசிரியை, லீவு கிடைக்கவில்லை. பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னே உம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை. கண்டியில் மஹியங்கனை பஸ்ஸில் ஏறினோம். குண்டசாலை தாண்டும் வரைக்கும் மாமி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு உள்பக்கம் திரும்பவே இல்லை, வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரோட்டில் சுப்பம்மா நின்றாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். வருடாவருடம் மாமியோடு சேர்ந்து கராம்பு பறிப்பவள். மாமியின் கையைப் பிடித்துவிட்டு, பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தேயிலைக்குள்ளால் ஏறும் அந்தப் பாதை நெட்டுக்குத்து. மாமி கறுப்புச் சப்பாத்தோடு, ஸலவாத்து ஓதியபடி, மேல்மாடியில் நடந்த அதே நிதானத்தில் ஏறினார். உண்மையைச் சொல்வதானால் முதலில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். பாதி வழியில், பாதை வளைகிற இடத்தில் அந்தக் கல் வந்தது. ஆள் உட்காரும் உயரத்தில், பாசி படர்ந்த சாதாரணக் கல். சுப்பம்மா முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் மாமியைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை, வேகம் குறையவில்லை, கடந்து போய்விட்டார். நல்ல காலம், தெரியாது என்று நினைத்து நிம்மதியடைந்தேன்.

மேலே போனதும் மாமி வேறு ஆளாகிவிட்டார். பூட்டைத் திறந்தார், கூட்டினார், அடுப்புக் கல்லைச் சரிசெய்தார், மரம் மரமாகப் போய்க் கிளையை வளைத்துப் பார்த்தார். மொட்டுகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு மரங்களில் பூத்தே போயிருந்தது. பூத்த கராம்பு ஒன்றுக்கும் உதவாது. "ஐயோ, இதப் பாருங்களேன்," என்று மாமி அந்த மரங்களை ஏசினார். சுப்பம்மா தேத்தண்ணி ஊற்றினாள். குடித்துவிட்டு, பின்னேரம் இறங்கத் தொடங்கினோம்.

கொஞ்சத் தூரத்திலேயே மாமியின் கால் நடுங்கியது. நான் கையைக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சத் தூரத்தில் முழங்கால் இரண்டும் மடங்கி மடங்கி வந்தன. ஒரு அடி வைக்க, உடம்பு முழுவதும் அந்தக் காலில் விழுகிறது, கால் தாங்கவில்லை. சுப்பம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உட்கார இடம் தேடினால் பாதை வளைவு வரைக்கும் எதுவும் இல்லை. வளைவில் அந்தக் கல்தான் இருந்தது.

மாமி அதில் உட்கார்ந்தார். கையால் பாசியைத் தடவினார்.

"இங்கதானே மகன்?"

நான் சுப்பம்மாவைப் பார்த்தேன்.

"சுப்பம்மா அண்டைக்கே சொல்லிட்டா."

"அம்மா போன்ல கேட்டாங்க தம்பி," என்றாள் சுப்பம்மா, என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "கேட்டா நான் எப்பிடிங்க இல்லைன்னு சொல்றது?"

"ஏறக்குள்ள நான் இதப் பார்க்கல்ல," என்றார் மாமி. "பார்த்தா அதோட நிண்டிருப்பேன். பெரியவங்க எல்லாரும் சேர்ந்து எனக்காகச் சொன்ன பொய்தானே, நானும் ஒண்டும் கேக்கல்ல." பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இத்தனை மாதமும் மேல்மாடியில் அவர் ஏறி வந்தது குடிசைக்கு இல்லை, இந்தக் கல்லுக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானும் அழுதேன். அட்டை காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

அழுது முடித்து எழுந்தபோதும் கால் கேட்கவில்லை. ஒரு அடி இறங்கினார், சரிந்தார், பிடித்துக்கொண்டோம்.

"எறங்க ஏலா மகன்."

"ஏற?"

காலை மேல்பக்கமாக வைத்துப் பார்த்தார். "ஏற ஏலும்."

ஆகவே திரும்பவும் மேலே ஏறினோம். ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மெஷினில் ஏற்றம் இருக்கிறது, இறக்கம் இல்லை. இத்தனை மாதம் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்ன எனக்கு, மலை என்றால் இறங்கவும் வேண்டும் என்பது ஒரு நாளாவது ஞாபகம் வந்திருக்கலாம். இத்தா இல்லாவிட்டால் மாமி வெளியே படியிலும் மேட்டிலும் நடந்திருப்பார், தானாகத் தெரிந்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் மலை ஏறியதால் வந்த வினை.

குடிசைக்குள் போன் வேலை செய்யாது. கொய்யா மரத்தடியில் நின்றுதான் பேச வேண்டும். ஆஸிகா முதலில் என்னை ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி ஏசினாள். அடுத்து ஹாஜியாரின் அழைப்பு.

"நான் சொன்னேனா இல்லயா? நாளைக்கு நாலு பேர அனுப்புறேன். கதிரைல வெச்சித் தூக்கிட்டு வரட்டும். கையெழுத்து வீட்ட வந்து வெக்கலாம்."

மாமி போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"மச்சான், இந்த வழியால ஒருத்தரத் தூக்கிட்டு வந்தது போதும். என்னைத் தூக்க வேணாம்." "ஏறி எறங்கி வந்தா எண்டுதானே சொன்னீங்க? எப்ப எறங்கணும் எண்டு சொல்லல்லயே. நோன்புக்கு முந்தி எறங்குவேன், இன்ஷா அல்லாஹ்."

போனை என்னிடம் தந்துவிட்டு, வீட்டிலிருந்து அரிசியும் கருவாடும் போர்வையும் தொழுகைப் பாயும் கொண்டுவரும்படி சொன்னார். சுப்பம்மா தன் துணியை எடுத்துவரப் போனாள். மாமியை அன்று தனியாக விடும் எண்ணம் அவளுக்கு இல்லை.

அந்தக் காலம் முழுவதும் என் வாழ்க்கை இப்படித்தான் ஓடியது. கிழமை நாட்களில் கெலிஓயாவில் மெஷின், வார இறுதியில் ஆஸிகாவோடு மலை. கீழிறங்கும்போது வேலை செய்கிற தசை வேறு என்று பார்மஸிக்கு வரும் ஒரு பிஸியோதெரபி பெண் சொன்னாள். அதைப் பரிசோதிக்க மெஷினில் பின்பக்கமாக நடந்து விழுந்து, முழங்கைத் தோலைக் கழற்றிக்கொண்டேன். மாமிக்கு அந்தப் பரிசோதனை தேவைப்படவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கம்பை ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, குடிசையிலிருந்து கொஞ்சம் இறங்குவார், ஏறி வந்துவிடுவார். பிறகு பகலெல்லாம் மொட்டு ஆய்ந்து பாயில் பரப்பி, மேகம் கறுத்தால் பாயோடு இழுத்து உள்ளே போட்டு, வெயில் வந்தால் திரும்ப வெளியே போட்டு. பின்னேரம் பீலியில் குளித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சோறும் சம்பலும் தின்பார். நானும் தின்றேன். பசியோடு தின்றேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். அட்டை வழக்கம்போல் கடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி சொன்னார், "இண்டைக்குக் கல் வரைக்கும் போய் வந்தேன் மகன்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பாயில் கராம்பைக் கிளறும்போது அவர் ஓதவில்லை, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

நோன்புக்கு இரண்டொரு நாள் இருக்க, மூட்டைகளை இறக்க ஆட்கள் வந்தார்கள். மூட்டை ஏற்ற வேன் வேண்டுமென்று நான்தான் ஹாஜியாருக்குச் சொல்லியிருந்தேன். மூட்டைகள் முன்னால் போய்விட்டன. ஆஸிகாவும் சுப்பம்மாவும் அதன் பின்னால் போனார்கள். மாமி கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகி, ஒரு கை கம்பிலும் ஒரு கை என் தோளிலுமாக இறங்கினார். கால் நடுங்கியது. ஆனால் தாங்கியது.

வளைவில், "நில்லுங்க மகன்," என்றார்.

கல்லில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு பெரிதாக வாங்கியது, பிறகு சிறிதானது. நெடுநேரம் அசையவில்லை. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. அன்று மாமாவை இதே கல்லில் இதே மாதிரி உட்கார்ந்தபடிதான் நான் பார்த்தேன். "மாமி," என்று கூப்பிட்டேன். "மாமி!"

கண்ணைத் திறந்தார்.

"அவருக்கு யாசீன் ஓதினேன் மகன். அவசரப்படாதீங்க."

கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். கம்பைக் கல்லில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தானாகவே எழுந்து நின்றார். மாமா எழும்பாத இடத்திலிருந்து மாமி எழும்பியதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, கம்பை எடுத்துக் கொடுக்கக்கூட மறந்துபோனது. அவரே குனிந்து எடுத்தார்.

ரோட்டில் வேன் நின்றது. பஹீம் ஹாஜியார் பக்கத்தில் நின்று, தேயிலைக்குள்ளால் நாங்கள் இறங்கி வருவதை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மாமி கடைசிப் படியையும் பக்கவாட்டாக இறங்கி, ரோட்டில் காலை வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார். சப்பாத்தில் பாலிஷ் போய், ரோஸ் கோடு நன்றாகத் தெரிந்தது.

ஹாஜியாரின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவர் வேனின் கதவை இழுத்துத் திறந்து, மாமி ஏறும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெலிஓயா வந்து சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.